தூர தேசத்துக்கு எந்த வாசல்? விருதுநகர் மாவட்டத்தின் விமானப் பயணக் கணக்கு

மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை 2,285 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்தில் ஏறக்குறைய 3,400. சிவகாசியிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் டிக்கெட் போட உட்காருபவர் இந்த எண்களை நினைப்பதில்லை. ஆனால் அவர் எந்த ஊரில் விமானம் ஏறுவார், எத்தனை இடத்தில் மாறுவார், அவருடைய பெட்டி யார் பொறுப்பில் போகும் என்பதில் ஒரு பங்கை இந்த எண்கள் முடிவு செய்துவிடுகின்றன. மறு பங்கை முடிவு செய்பவை அரசுகளுக்கிடையே கையெழுத்தான விமானச் சேவை ஒப்பந்தங்கள்.

முதலில் ஓடுபாதை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இடைநில்லாமல் பறக்கும் பெரிய விமானம், புறப்படும்போது வயிறு நிறைய எரிபொருளைச் சுமந்திருக்கும். அந்தக் கனத்தைத் தூக்க வேகம் வேண்டும், வேகம் பிடிக்க நீளம் வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். அப்போது இன்னும் நீளமான பாதை தேவைப்படும். மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் 2,285 மீட்டரில் முழுச் சுமையோடு ஒரு பெரிய விமானம் ஐரோப்பாவுக்குக் கிளம்ப முடியாது. ஆகவே இந்த மாவட்டத்திலிருந்து தொடங்கும் எந்தத் தொலைதூரப் பயணமும் குறைந்தது இரண்டு துண்டு. ஒன்று, சின்ன விமானத்தில் ஏறி வேறொரு ஊரில் மாறுவது. இல்லாவிட்டால் ரயிலிலோ காரிலோ பெரிய விமான நிலையத்துக்குப் போய் அங்கே ஏறுவது.

அடுத்தது ஒப்பந்தங்கள். ஒரு வெளிநாட்டு நிறுவனம் நினைத்த ஊரில் விமானத்தை இறக்கிவிட முடியாது. இரு நாட்டு அரசுகளும் பேசி, எந்தெந்த ஊர்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்று எழுதிக்கொள்கின்றன. ஆசியான் நாடுகளின் நிறுவனங்கள் தாராளமாக வந்துபோகலாம் என்று இந்தியா அனுமதித்த 18 ஊர்களில் திருச்சி இருக்கிறது. கயா, வாரணாசி, கஜுராஹோ இருக்கின்றன. மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் மதுரை இல்லை. மலேசியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றோடுள்ள ஒப்பந்தங்களிலும் அந்நாட்டு நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊராக மதுரை சேர்க்கப்படவில்லை. இலங்கையோடு மட்டும் அந்த வழி திறந்திருக்கிறது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மதுரைக்கு வருவதற்கும், எமிரேட்ஸும் ஏர் ஏசியாவும் வராததற்கும் காரணம் இதுதான்.

இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை கிடையாது. 2012இல் மதுரை சுங்க விமான நிலையமானது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்கு முதல் சர்வதேச விமானத்தை இயக்கியது. 2013இல் துபாய்க்குச் சேவை வந்தது. 2017இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் சிங்கப்பூருக்கும், 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கும் பறக்கத் தொடங்கின. 2024 அக்டோபர் முதல் நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. இப்படிப்பட்ட சேவைகள் வரும், போகும். அட்டவணைக்கு அட்டவணை மாறும். டிக்கெட் போடும் மாதத்தில் எது ஓடுகிறது என்பதை மட்டுமே நம்ப வேண்டும்.

ஆக, இந்த மாவட்டத்துக்காரருக்கு முன்னால் நான்கு வாசல்கள் இருக்கின்றன. மதுரை, திருச்சி, திருவனந்தபுரம், சென்னை. கைப்பேசியில் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் ‘புறப்படும் ஊர்’ என்ற கட்டத்தில் பலரும் யோசிக்காமல் சென்னை என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லிலேயே முடிவு எடுத்தாகிவிட்டது. அதன்பின் ஒப்பிடுவதெல்லாம் சென்னைக்குள் ஒப்பிடுவதுதான். முதலில் வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டாவது டிக்கெட் ஒரே ஒப்பந்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விலை மூன்றாவதாகத்தான் வர வேண்டும் என்பது என் முடிவு. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

சென்னையை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஃபிராங்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா என்று இடைநில்லாச் சேவைகள் உண்டு. வளைகுடா நிறுவனங்கள், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாம் உண்டு. போட்டி இருப்பதால் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனால் சிவகாசியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். உதாரணத்துக்கு, சென்னையில் ஏறினால் ஆளுக்கு 6,000 ரூபாய் மிச்சம் என்று தளம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 12,000. அதிலிருந்து போக வர கார் வாடகை, நெடுக உள்ள டோல்கேட்கள், டிரைவர் படி, சென்னையில் ஒரு பகல் தங்க அறை, வழியனுப்ப வருகிறவர்களின் சாப்பாடு எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் கரைந்துபோகும். காரில் போகிறவருக்குச் சென்னை மலிவு அல்ல. ரயிலில் போகத் தயாராக இருப்பவருக்கு மட்டும் அது மலிவு.

ரயில் வழி நம் மாவட்டத்துக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது. செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று நம் ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு விடியற்காலையில் சென்னைக்குள் நுழைகிறது. எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்பக்கம் விமான நிலையம். இரண்டு பெரிய பெட்டிகளோடு தாம்பரம் படிக்கட்டு ஏறி இறங்க முடியாதவர்கள் அங்கேயே டாக்ஸி எடுத்துக்கொள்ளலாம், தூரம் குறைவுதான்.

சென்னையில் ஏறுகிறவர்கள் தேதியில் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிப் புறப்படுகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 01.50 என்று இருந்தால், நம் பேச்சு வழக்கில் அது 14ஆம் தேதி ராத்திரி. பொழுது விடிந்தால்தான் நாள் மாறும் என்று பழகிய மனசு, 15ஆம் தேதி ராத்திரிக்குப் பெட்டி கட்டும். போய் நிற்கும்போது விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். பணமும் திரும்பாது, வராமல் போனவர் என்ற கணக்கில் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடுவது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. 15ஆம் தேதி 01.50 என்றால் 14ஆம் தேதி இரவு பத்து மணிக்கு முனையத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பொதிகையில் ஏற வேண்டியது 13ஆம் தேதி இரவு. இல்லையென்றால் 14ஆம் தேதி காலையில் மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸ். இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

திருவனந்தபுரத்தை நம் ஆட்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. ராஜபாளையம், தென்காசி, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காரில் போகலாம். கொல்லம் மெயில் சிவகாசி வழியாகவே புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகிறது. விருதுநகரிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் நேரே திருவனந்தபுரத்தில் இறங்கலாம். மலையாளிகளின் வளைகுடா வாழ்க்கை அந்த நிலையத்தை வளர்த்தது. எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், எதிஹாட் என்று பெரிய வளைகுடா நிறுவனங்கள் நேரடியாக வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர்ப் பக்கத்தில் இருப்பவர் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ வளைகுடா வழியாகப் போவதானால், சென்னைக்கு முன்னால் திருவனந்தபுரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கணவாய்ச் சாலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

திருச்சி கிழக்குத் திசைக்கு. மலேசியா, சிங்கப்பூர் போக்குவரத்தில் ஊறிய நிலையம். 2024 ஜனவரியில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. ஸ்கூட் என்ற குறைந்த கட்டண நிறுவனத்தின் விமானத்தை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்க முடியும் என்பதால் சிங்கப்பூருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கும் ஒரே டிக்கெட் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கோலாலம்பூர் வழியாகப் போவோரும் அதிகம்.

மதுரை வாசல் குறுகியது, ஆனால் வீட்டு வாசலிலேயே இருப்பது. விருதுநகரிலிருந்து கள்ளிக்குடி, திருமங்கலம் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முனையம். மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு. கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் இடைநில்லாமல் போகிறது. அந்த நிறுவனம் 2014 மே முதல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. மதுரையில் கொடுத்த பெட்டியை மெல்போர்னில் எடுத்துக்கொள்ளலாம். மகளின் பேறுகாலத்துக்காக முதன்முறையாகத் தனியே பறக்கும் அறுபது வயது அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. கொழும்பு நிலையத்துப் பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். சிங்கப்பூர் சாங்கியிலும் தமிழ்ப் பலகை உண்டு. தோஹாவிலும் துபாயிலும் பெரும்பாலும் அரபும் ஆங்கிலமும்தான். எந்த ஒப்பீட்டுத் தளத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனால் ‘வெளியேறும் வழி’ என்று தாய்மொழியில் ஒரு பலகையைப் பார்ப்பது, மூட்டு வலியோடும் பயத்தோடும் நடக்கும் ஒருவருக்கு எவ்வளவு தெம்பு என்பதை அவரை அனுப்பி வைக்கும் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் ஏற்பாடு.

இனி ஒரே டிக்கெட் என்ற விஷயம். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1914இல் பாம்பன் பாலம் வந்தபின் போட் மெயில் ஓடியது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடியும் ரயிலில் கொழும்பு. இவ்வளவுக்கும் சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் போதும்.  1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை விருதுநகர் வணிகர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அந்த வழியில்தான் இலங்கைக்குப் போய்வந்தார்கள்.

இன்றைய விமானப் பயணத்தில், ஒரே டிக்கெட்டில் பயணியை ஊர் சேர்க்கும் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. மதுரையிலிருந்து துபாய்க்கு ஒரு நிறுவனத்தில் ஒரு டிக்கெட், துபாயிலிருந்து லண்டனுக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் அவை இரண்டு தனி ஒப்பந்தங்கள். மதுரை விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால், லண்டன் நிறுவனத்துக்கு நீங்கள் வராமல் போன பயணி; வேறொன்றும் இல்லை. பெட்டியும் துபாய் வரைதான் வரும். அதை எடுக்க வேண்டுமானால் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லாதவரை மதுரை கவுன்டரிலேயே ஏற்ற மறுக்கலாம். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் மாறிப் போகும் இந்தியரிடமும், அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய விசா போன்ற விலக்கு எதுவும் இல்லையென்றால், இடைநிலை விசா கேட்கிறது. டிக்கெட் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

டிராவல்ஸ்காரர் கொடுத்த தாள் ஒரே டிக்கெட்டா, ஒட்டுப்போட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு எழுத்து பி.என்.ஆர். ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. சில தளங்கள் இரண்டு டிக்கெட்டுகளைத் தங்கள் சொந்த எண் ஒன்றின் கீழ் காட்டும். பார்க்க வேண்டியது 13 இலக்க இ-டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் அடையாளம். ஏர் இந்தியா 098, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, கத்தார் 157, எமிரேட்ஸ் 176, லுஃப்தான்சா 220, ஸ்ரீலங்கன் 603, சிங்கப்பூர் 618. எல்லாப் பறப்புகளும் ஒரே 13 இலக்க எண்ணின் கீழ் வந்தால் அது ஒரே ஒப்பந்தம். ஒவ்வொரு பறப்புக்கும் வேறு வேறு எண், அதிலும் முதல் மூன்று இலக்கங்கள் மாறியிருந்தால் எச்சரிக்கையாகக் கேள்வி கேட்க வேண்டும். சில குறைந்த கட்டண நிறுவனங்கள் இந்த எண்ணையே தருவதில்லை. கவுன்டரில் பெட்டியைக் கொடுத்தபின் அதில் சுற்றும் சீட்டையும் பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது கடைசி ஊரின் குறியா, நடுவில் மாறும் ஊரின் குறியா? மெல்போர்னுக்குப் போகிறவர் சீட்டில் எம்.இ.எல். என்று இருக்க வேண்டும், கொழும்பின் சி.எம்.பி. பெரிய எழுத்தில் இருந்தால் நகராமல் அங்கேயே நின்று கேட்க வேண்டும்.

பொறுப்பு என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது 2025 ஜூன் 23 அன்று தெரிந்தது. கத்தார் தன் வான்வெளியை மூடியது. பக்கத்து நாடுகளிலும் சில மணி நேரம் மூடல். தோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. இப்படிப்பட்ட நாளில் ஒரே டிக்கெட் வைத்திருப்பவரை ஊர் கொண்டுசேர்க்கும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. தனித்தனியாக வாங்கியவர் அடுத்த டிக்கெட்டைத் தன் காசில் வாங்க வேண்டும். அதே ஆண்டு ஏப்ரல் முதல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. டில்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போயின. சில, எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கி ஏறின. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அட்டவணையில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பயணங்களுக்குள் இப்படியொரு வேறுபாடு ஒளிந்திருக்கலாம்.

நஷ்டஈட்டிலும் நிறுவனத்தின் நாடு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும்; ஐரோப்பாவுக்கு வரும் பயணத்துக்கு ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட் போகிறவருக்கு இந்த உரிமை உண்டு. வளைகுடா நிறுவனத்தில் போகிறவருக்குப் போகும்போது கிடையாது, திரும்பும்போது உண்டு. பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. சேதத்தை 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டியைப் பற்றி 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் சரி. ஊருக்கு வந்து அசதி தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த ஏழு நாளும் ஓடிவிடும்.

சிவகாசிக்காரரின் பயணத்துக்கு ஒரு பருவம் இருக்கிறது. இந்த ஊரின் தொழிலே ஒரு நெடும்பயணத்தில் தொடங்கியதுதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனி இயந்திரங்களை வரவழைத்தார்கள். இன்றைக்கும் அச்சகத்தார் இயந்திரம் பார்க்க ஜெர்மனிக்குத்தான் போகிறார்கள். டுசல்டார்ஃப் நகரில் நடக்கும் ட்ரூபா அச்சுக் கண்காட்சி 2024இல் மே 28 முதல் ஜூன் 7 வரை நடந்தது, அடுத்தது 2028இல். இதற்குப் போகிறவர் டுசல்டார்ஃப் வரை விமானம் தேட வேண்டியதில்லை. ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் டுசல்டார்ஃப். சீனாவின் குவாங்சோ கண்காட்சிக்கு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வியாபாரிகள் போகிறார்கள். 2020இல் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் கொல்கத்தா-குவாங்சோ சேவையோடு மறுபடி தொடங்கும்வரை, வேறொரு நாட்டில் மாறித்தான் போக வேண்டியிருந்தது.

கட்டணம் உயரும் மாதங்களைப் பார்த்தால் பள்ளி விடுமுறையான மே-ஜூன், மாணவர்கள் கிளம்பும் ஜூலை-ஆகஸ்ட், கிறிஸ்துமஸை ஒட்டிய டிசம்பர். தணிவது பொங்கலுக்குப் பிறகு பங்குனி வரை. சிவகாசியின் தொழில் காலண்டரும் ஏறக்குறைய இதே ஏற்ற இறக்கத்தில்தான் நடக்கிறது. ஆடியில் தினசரி காலண்டர் ஆல்பம் வந்ததும் ஆர்டர் குவிந்து, மார்கழி வரை அச்சகங்களில் ராத்திரி பகல் கிடையாது. பட்டாசு ஆலைகளில் தீபாவளி வரை மூச்சுவிட நேரமில்லை. தை பிறந்தபின்தான் முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஓய்வு. தை, மாசியில் பயணம் வைத்துக்கொள்ள முடிகிற தொழில்காரர்கள் நாட்டில் பல பேர் இல்லை. நமக்கு அந்த வசதி இருக்கிறது. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குத்தான் சங்கடம். விருதுநகர் பராசக்தி மாரியம்மனின் பங்குனிப் பொங்கலுக்கும் சிவகாசி பத்திரகாளியம்மனின் சித்திரைப் பொங்கலுக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், பொங்கல் சாட்டும்வரை காத்திராமல் நாள் தெரிந்த உடனே டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் படிவமோ அதை நிரப்பாமல் நகராது. சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன. சில வேறு குறியீடு கேட்கின்றன. அவரவர் இஷ்டத்துக்கு இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்தால், பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் விசாவும் மூன்று ஆட்கள் போலத் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க இந்த அலைச்சல் இல்லை. பத்தாவது தேறாத தொழிலாளிகளுக்கு வேறொரு கவலை: பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை முத்திரை இருந்தால், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கைக்கு வருமுன் ஏஜென்ட் டிக்கெட் போட்டுக் காசு கேட்டால் கொடுக்கக் கூடாது.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதிலும் இந்த ஊருக்கென்று சில கட்டுப்பாடுகள். பேரப்பிள்ளைக்கு ஒரு பெட்டி மத்தாப்பு என்று ஆசைப்படக் கூடாது. கம்பி மத்தாப்பு உள்பட எந்தப் பட்டாசும் பயணியின் கைப்பையிலும் சரி, பெரிய பெட்டியிலும் சரி, அறவே கூடாது. தீப்பெட்டிக்கும் இந்திய விமான நிலையங்களில் அதே விதி. பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் கையையும் பையையும் ஒரு துணித்துண்டால் துடைத்துக் கருவியில் வைப்பார்கள். நைட்ரேட் போன்ற வெடிமருந்துத் தடயங்களை அது தேடுகிறது. மருந்து கலக்கும் அறைக்குப் போட்டுப்போன சட்டையையும் பையையும் பயணத்துக்கு எடுத்துவராமல் இருப்பது நல்லது. கருவி ஒலித்தால் பதறாமல் தொழிலைச் சொல்லலாம். நிறுவனத்தின் அடையாள அட்டை கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

சாத்தூர்க் காராச்சேவு ஜெர்மனிக்குள் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா போகாது. வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்திருக்கிறது. அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் கூடுதல் சோதனை. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் பெரிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

மதுரை ஓடுபாதையை 12,500 அடிக்கு நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாக நிற்கிறது. அது நிறைவேறினால் பெரிய விமானங்கள் இறங்கலாம் என்பது உண்மை. அதற்காக இடம் பெயர வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. 2024 நவம்பரில் சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் மறுவாழ்வுக்கு வழி செய்யாமல் தங்களை வெளியேற்றக் கூடாது என்று போராடினார்கள். அவர்களுக்கு நியாயமான மாற்றிடம் தராமல் ஓர் அடிகூட நீட்டக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் ஓடுபாதை நீளும்வரை எதுவும் நடக்காது என்று சொல்வது பாதி உண்மை. தோஹாவுக்கும் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் நான்கைந்து மணி நேரத்துக்குள் பறக்கும் சின்ன விமானங்களுக்கு இன்றுள்ள 2,285 மீட்டர் போதும். அதே அளவு விமானங்கள் தினமும் அங்கே இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. வளைகுடா நிறுவனங்களுக்கு ஊர்களைத் திறந்துவிட்டால் நம் நிறுவனங்களின் தொலைதூரப் பயணிகள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்ற வாதம் டில்லியில் பலமாக இருக்கிறது. அந்த வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் மதுரையிலிருந்து எந்த இந்திய நிறுவனமும் ஐரோப்பாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ இடைநில்லாமல் பறக்கவில்லை. இல்லாத சேவைக்கு எங்கிருந்து போட்டி வரும்? மதுரையின் பெயரை ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க வேண்டியதில்லை. தென் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும், வணிகச் சங்கங்களும், அச்சக உரிமையாளர்களும், பட்டாசு உற்பத்தியாளர்களும் ஓடுபாதைக் கோரிக்கையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கோரிக்கையை முதலில் நீட்ட வேண்டும்.